லேட் சௌந்தரராஜன்

பிழை பார்க்கக் கொடுத்த கல்யாணப் பத்திரிகையில், கணவன் பெயருக்கு முன்னால் அவள் விரல் நின்றது.

லேட் சௌந்தரராஜன்.

ஆள் திருப்பூரில் இருக்கிறான். இன்னொருத்தியோடு, குத்துக்கல்லாட்டம்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். தம்பி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான்.

“ஒரு வார்த்தைதானேக்கா. ஓடிப்போனவன் பொண்ணுன்னா சம்பந்தி வீட்டுல யோசிப்பாங்க.”

ஒரு வார்த்தைதான். அவளுக்கு அது புதிதா என்ன?

மில் ஆபீஸில் மூன்று லேட் விழுந்தால் அரை நாள் விடுப்பு போய்விடும். மகள் பள்ளிக்குப் போன நாளில் லேட் என்றால் வாசலில் முட்டி போட வேண்டியிருந்தது. கல்யாணமான நாலாவது மாதம், நாள் லேட்டாகிறது என்று மாமியாரிடம் கூச்சத்தோடு சொன்னதும் அதே வார்த்தைதான். அப்புறம் மூன்று வருஷம் அவன் போனில் சொன்னது. இன்னிக்கு லேட்டாகும், நீ சாப்பிடு.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள், மண்டு.

இப்போது இது.

இதில் செத்தது அவன் இல்லை. தாலித் தட்டு சபையைச் சுற்றி வரும். ஊரே தொட்டுக் கும்பிடும். அவள் தூணோரம் நிற்க வேண்டும். பெற்ற மகளின் தாலியை அவள் தொடக் கூடாது.

மகள் பக்கத்தில்தான் நின்றாள். வேண்டாம் மாமா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

மகள் பத்திரிகையைப் பார்க்கவில்லை. அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.



சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த அன்று தம்பி மனைவி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் தடவினாள். நல்ல சேதி என்பதற்கு அதுதான் அடையாளம். சாவுச் சேதிக்குத் தடவ மாட்டார்கள்.

கிண்ணத்தை இவள் பக்கம் நகர்த்தவில்லை. உறையில் போடும் வேலையைக் கொடுத்தாள். இப்போதிருந்தே பழகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவளும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

எல்லோரும் காப்பிக்கு எழுந்து போனார்கள்.

பத்திரிகைக் கட்டிலிருந்து மஞ்சள் படாத ஒன்றை உருவினாள். உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

திருப்பூர் முகவரியை நிதானமாக எழுதினாள்.