அலமாரிக்குப் பின்னால் ஓர் அறை

பல் டாக்டரின் அப்பா அவள் பிறக்கும் முன்பே இறந்துபோனார். அவர் வளர்ந்த வீட்டுக்கு அவள் வந்தது அன்றுதான் முதன்முறை. பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"எனக்குத் தம்பின்னு யாரும் கிடையாதும்மா. வீடு மாறி வந்துட்ட."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. அவரைத் தாண்டி நேரே கூடத்துக்குப் போனாள்.

"இந்த அலமாரிக்குப் பின்னாடிதான் அப்பாவோட ரூம்."

பெரியப்பாவின் முகம் வெளிறியது. "அவன் ஓடிப்போன அன்னிக்கே அதை அடைச்சுட்டோமே. உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஞாபகம் இருக்கு."

பெரியம்மா சமையலறையிலிருந்து வந்து அலமாரியின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் அதை நகர்த்தினார்கள். கதவு சுலபமாகத் திறந்தது. உள்ளே பொட்டுத் தூசி இல்லை. மேசைமேல் டீ ஆவி பறக்க இருந்தது.

டாக்டர் ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து அதைக் குடித்தாள். சர்க்கரை அவளுக்குப் பிடித்த அளவில் இருந்தது.