ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

"சீக்கிரம் கெளம்புங்க. நீங்க ஆரம்பிச்ச வகுப்புக்கு நீங்களே லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்?" என்றாள் பிலோமினாள்.

குப்பையைப் பிரிக்காமல் போடுகிறவர்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேர வகுப்பு. கே.கே. நகரில் அவர்கள் தெருச் சங்கத்தில் இந்த விதியைக் கொண்டுவந்தவரே அவள் கணவர் ஞானசீலன்தான்.

"படபடன்னு வருது பிலோ."

"முப்பது வருசம் வாத்தியாரா இருந்தவருக்கு என்ன படபடப்பு? எல்லாம் நீங்க பேசுனதுதான?"

சங்கக் கட்டடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையருகே பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்துக்கொண்டு தூய்மைப் பணியாளர் ஒச்சாயி நின்றிருந்தார். ஞானசீலன் பழக்கதோஷத்தில் மேசைப் பக்கம் போனார்.

"சார், இன்னைக்கு நீங்க அங்கிட்டு. கடைசி நாற்காலி காலியாத்தான் கெடக்கு."

ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசீலன் போய் உட்கார்ந்தார்.

"தெருமுனையில பிரிக்காமக் கெடந்த குப்பைப் பை எங்க வீட்டுதுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச? அதுல பேரா எழுதியிருந்துச்சு?"

"எழுதித்தான் சார் இருந்துச்சு." ஒச்சாயி ஒரு தாளை நீட்டினார். "மீன் செதிலோட இதுவும் கெடந்துச்சு. காயவச்சுக் கொண்டாந்தேன். நீங்களே வாசிச்சு ஆரம்பிச்சு வைங்க."

போன மாதம் இந்த வகுப்பைத் தொடங்கிவைக்க ஞானசீலன் எழுதிய பேச்சு. கீழே அவர் பெயர், கையெழுத்து. லேசாக மீன் வாடை.

ஞானசீலன் எழுந்து முழுவதையும் சத்தமாக வாசித்து முடித்தார். பிறகு தாளைக் கவனமாக மடித்தார்.

"எழுதுனவன் நல்லாத்தான் எழுதியிருக்கான். அவனுக்குத்தான் வாசிக்க நேரமில்ல போல."