மணிக்குக் கூடிய கூட்டம்

மணியின் எழுபத்தொன்பதாவது அடிக்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மணிக்கோபுர ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மெக்கானிக்கின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

“ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! ஊரே திரண்டு நிக்குது. நம்ம மணியைக் கேக்கத்தான்!”

அவருக்கோ கயிற்றை விட மனசில்லை. வெளியூரிலிருந்து வந்த இருவரும் மூன்று மாதமாக இந்தக் கோபுரமே கதியென்று கிடந்தார்கள். ஆறு வருஷமாக ஊமையாகத் தொங்கிய மணிக்குத் துருப்பிடித்த பேரிங்கை மாற்றி, உளுத்த சட்டத்தைக் கழற்றிப் புது மரம் போட்டு, தேய்ந்த நாக்கையும் மாற்றியிருந்தார்கள்.

அத்தனையும் இன்றோடு வீணாகலாம். மணியை இறக்கிவிட்டு ஒலிபெருக்கி கட்ட வேண்டுமென்று சபைத் தலைவர் ஒற்றைக்காலில் நின்றார்.

“இந்தக் காலத்துல மணியை எவன்யா காது கொடுத்துக் கேக்கறான்? இன்னிக்கு அடிச்சுக் காட்டும். நாலு பேர் திரும்பிப் பாத்தாலும் நான் வாயே திறக்கல” என்று காலையில் கைத்தடியைத் தட்டிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதனால் மெக்கானிக் நிதானமாகத்தான் சோதித்தார். ஓர் அடி, அதன் ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை மௌனம், பிறகு அடுத்த அடி. மணியில் விரிசல் இருந்தால் அப்படிக் கேட்டால்தான் பிடிபடும்.

எண்பது.

“ஒவ்வொரு அடிக்கும் விரல் விட்டு எண்ணறாங்கங்க!”

“எண்ணட்டும், எண்ணட்டும். என் தோள்பட்டை கழண்டுடுச்சு, போதும்.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. எனக்காக!”

அவள் கேட்டு அவர் எதை இல்லையென்றிருக்கிறார்? இழுத்தார். கணீரென்று விழுந்தது எண்பத்தொன்று.

ரீங்காரம் அடங்கியது; அடுத்த அடி விழவில்லை. கீழே “ஐயோ!” என்றார் ஒருவர். மறுநொடி மொத்தக் கூட்டமும் சபைத் தலைவர் வீட்டுத் தெருப்பக்கம் ஓடியது.

“அழறாங்கங்க! ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டு அழறாங்க. தலைவர்கிட்ட நமக்காகப் பேசத்தான் ஓடறாங்க!”

மெக்கானிக்குக்கும் கண் கலங்கிவிட்டது. “ஆறு வருஷம் கழிச்சுக் கேக்கறாங்க, அழ மாட்டாங்களா?” என்றார். வயசை மறந்து இருவரும் கைகோத்து கோபுரத்தின் பலகைத் தளத்தில் ஒரு சுற்று ஆடினார்கள். புறாக்கள் பயந்து பறந்தன.

இரண்டிரண்டு படியாகத் தாவி அவர்கள் இறங்கியபோது, சபைத் தலைவர் கோபுர வாசலில் மூச்சு வாங்க நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது, தோளிரண்டும் ஊர்க்காரர்களின் கண்ணீரில் நனைந்திருந்தன. கை நிறையப் பூ வேறு.

“நமக்குத்தாங்க பூ!” என்று கணவரின் விலாவில் இடித்தாள் மனைவி.

“மணி இங்கயே இருக்கட்டும்” என்றார் தலைவர். “ஸ்பீக்கரும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“ஐயா!” என்று கும்பிட்டார் மெக்கானிக்.

“என்னைக் கண்டா ஆகாதவன்கூட என் வீட்டு வாசல்ல விழுந்து புரண்டு அழறான்யா!”

“எங்க மணியோட நாதம் அப்படிங்க” என்றாள் மனைவி பெருமையாக.

தலைவர் பூக்களை அவள் கையில் திணித்தார்.

“செத்தவங்க வயசைத்தாம்மா இங்க மணியடிச்சுச் சொல்லுவாங்க; ஊர்ல எண்பத்தொண்ணு நான் ஒருத்தன்தான்!”