பெரியவளுக்கு என்ன எழுதுவீர்கள்

வகுப்பறையின் காலி பெஞ்சுகள் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பள்ளியில் மதிப்பெண் போடுவதையே நிறுத்திவிட்ட பிறகு வந்திருக்கும் முதல் ரிப்போர்ட் கார்டை சின்னவளின் தகப்பன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ‘சத்தமாகச் சிரிக்கிறாள். புரியாவிட்டால் விடாமல் கேட்கிறாள்’ என்று டீச்சர் கைப்பட எழுதிய வரிகள்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் அவர் விரல் மெல்ல ஊர்கிறது. வெளியே சின்னவள் ஆடும் ஊஞ்சலின் சங்கிலி கிறீச்சிடுகிறது. “எங்க பெரியவளும் உங்ககிட்டதானே படிச்சா, டீச்சர்?” போன வருஷம் காய்ச்சலில் போய்விட்ட மகளைப் பற்றித்தான் கேட்கிறார். “ஆமாங்க.” “அவளுக்கு இப்படி எழுதணும்னா என்ன எழுதுவீங்க?” டீச்சர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே யோசிக்கிறாள். எவ்வளவு துழாவியும் அந்தக் குழந்தையின் குரல்கூடப் பிடிபட மாட்டேன் என்கிறது. அவர் காத்திருக்கிறார். கணக்கில் அவள் வாங்கிய தொண்ணூற்றெட்டு மட்டும் டீச்சரின் கண்முன் அச்சடித்ததுபோல் நிற்கிறது.