ரொம்ப சுத்தமான வீடு

"ஏங்க, பழைய பேப்பரையெல்லாம் எங்க வச்சீங்க?" என்றாள் சியாமளா.

"பாத்ரூம்ல. அழுக்குத் துணி, ஒடஞ்ச ஸ்டூல், எல்லாம் அங்கதான். தாப்பா போட்டாச்சு," என்றார் பரணிதரன்.

தத்துக்கு மனு போட்டு இரண்டு வருஷம் கழித்து, இன்றைக்குத்தான் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது. புதுப்பட்டினம் கடைத்தெரு ஊதுபத்தி முழுக்க இந்த வீட்டில்தான் எரிந்தது.

"சண்டை வருமான்னு கேட்டா?"

"வராதும்பேன்."

"சிரிக்காம சொல்லுங்க."

செங்கல்பட்டிலிருந்து வந்தவள் ஜெஸ்ஸி என்கிற சின்னப் பெண். பளபளத்த தரையைப் பார்த்தாள். நேராகப் போய் பாத்ரூம் தாழ்ப்பாளை நீக்கினாள். பேப்பர் சரிந்து, பின்னாலேயே ஸ்டூலும் வந்து அவள் காலடியில் விழுந்தது.

சியாமளா ஓடி வந்து ஸ்டூலை எடுத்தாள். "அங்க எதுக்கு..."

"மன்னிச்சுக்கோங்க மேடம். வூடு ரொம்ப சுத்தமா இருந்தா மொதல்ல பாத்ரூமைத் தெறந்து பாருன்னு ட்ரெயினிங்ல நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

தத்து அலுவலக வேலையில் பத்து வருஷமாக ஊரார் வீட்டு பாத்ரூமையெல்லாம் திறந்து பார்த்த சியாமளா தலை குனிந்தாள்.

"இப்ப என்ன எழுதப் போறே?"

"அதையும் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க மேடம். உள்ள குப்பை கெடந்தா, மனுஷங்க வாழற வூடுன்னு எழுதிக்கோன்னு."