காலியாக இருந்த மூடி

கிளாரினெட்டின் முதல் துளைமூடிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்து, மூடியை அழுத்திப் பிடித்து, தாளை இழுத்துப் பார்த்தார் பஸ் டிரைவர். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

காற்று போகிறது.

"ஒட்டுறேன்னு உங்கம்மா பூசி மெழுகி வச்சிருக்கா" என்றார், அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளிடம்.

காற்றை அடைக்க மூடிக்குள் ஒட்டும் மெத்தென்ற பேட், தொப்பியைச் சாய்த்துப் போட்டதுபோல ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அரக்கு ஓரமெல்லாம் வழிந்து, விரலில் இழுபட்டு, வெள்ளிக் கம்பிவரை போயிருந்தது.

ரிப்பேர் சாமான் பெட்டியைக் காலையில்தான் கண்டெடுத்தார்கள். அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால். உள்ளே குட்டி ஸ்க்ரூடிரைவர், ஸ்பிரிங்கை இழுக்கும் கொக்கி, தக்கைத் துண்டுகள், பசை டப்பா, அரக்குக் குச்சி. பெட்டியின் மேல் 'புதிதாகப் பழகுவோருக்கு' என்று அச்சடித்திருந்தது.

பேட்கள் செல்லரித்துப் போய் வருடக்கணக்காகப் பரணில் கிடந்த அவருடைய கிளாரினெட் அதன் பக்கத்திலேயே இருந்தது.

"உங்களுக்குத் தெரியாதாப்பா? நீங்க டூட்டிக்குப் போனதும் அம்மா எனக்கு போன் போடுவாங்க. இன்னைக்கு ஒண்ணு ஒட்டினேன், அப்பாகிட்ட மூச்சு விடாதேம்பாங்க."

அவருக்குத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்லி மனைவி கேட்டபோதெல்லாம் பார்க்கலாண்டி, பார்க்கலாண்டி என்று சொன்னது மட்டும் தெரியும். மழைக்காலம் தொடங்கியபோது அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகள் நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறாள். அதற்குள் அம்மாவுக்குப் பிடித்த அந்த ஒரே மெட்டையாவது கேட்டுவிட வேண்டும் என்கிறாள். அவருக்கும்தான். கேட்பதற்கு இனி அந்த வீட்டில் அவர் ஒருவரே.

எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு முதலிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

இரண்டாவது மூடியிலும் தாள் வழுக்கியது. மூன்றாவதில் ஒரு நொடி தயங்கி வந்தது.

நான்காவதில் பிடித்தது.

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கீழே போகப் போக அரக்கு வழியவில்லை. கோணல் குறைந்தது. அடிப்பகுதியில் பெரிய மூடி ஒன்றில் தாளை வைத்து இழுத்தபோது அது வரவே இல்லை. பாதியில் கிழிந்து கையோடு வந்தது. பேட் வட்டமாக, சமமாக, கடையில் வாங்கியதுபோல உட்கார்ந்திருந்தது.

எத்தனை மத்தியானங்கள் இந்த மேஜையில் தனியாக உட்கார்ந்திருப்பாள்!

அவர் அந்த மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். 'டப்' என்று ஒரு சிறிய சத்தம். மறுபடி திறந்தார். மறுபடி 'டப்'.

அதற்கும் கீழே, கடைசி மூடி மட்டும் காலி. அதற்கான பேட் பெட்டிக்குள் ஒரு சிறு பையிலேயே இருந்தது.

முதலில் இதை முடிப்போம், மேலே இருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை ஏற்றினார். அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டினார். அது கொழகொழவென்று உருண்டு மேஜையில் விழுந்தது. இரண்டாவது முறை மூடிக்குள் விழுந்தது. பேட்டை வைப்பதற்குள் கல்லாக இறுகிவிட்டது. சுரண்டி எடுத்தார். மூன்றாவது முறை விரலைச் சுட்டுக்கொண்டார்.

வாசிக்கத்தான் அவருக்குத் தெரியும். எது கெட்டாலும் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து வாங்கித்தான் பழக்கம். ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை.

விரலை ஊதியபடி, மூடியை மறுபடி சுடருக்கு மேல் பிடித்தார். கண்ணை எடுக்காமல் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏண்டி, எவ்வளவு நேரம் சூடு காட்டணும் இதுக்கு?"

அடுப்படியில் மகளின் பாத்திரச் சத்தம் நின்றது.

அரக்கு உருகி, நுரைத்து, கருகத் தொடங்கியது. அவர் கையை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.