நடுக்கூடத்து மேசை

கடல் தெரிகிற மேசை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

மர்சா என்ற கடலோர ஊரில், பழைய மாளிகையொன்றில் நடக்கும் அந்த உணவகத்துக்கு வருகிறவர்கள் ஜன்னலோரத்துக்காகச் சண்டையே போடுவார்கள். இவள் ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, கூடத்தின் நட்டநடுவில், சரவிளக்குக்கு நேர் கீழே இடம் கேட்டிருந்தாள். ஒரே ஆளுக்கு. பெயர் மப்ரூக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி அடிக்கும்போது வந்து உட்கார்ந்தாள். தலையில் பட்டுத்துணி. காலணி அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது போலிருந்தது.

ஹெட் வெயிட்டர் நவ்ஃபலுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

மேசைவிரிப்பின் ஓரத்தை அவள் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். கரண்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சாப்பிட வந்தவர்கள் இப்படியெல்லாம் பார்ப்பதில்லை.

பத்திரிகைக்காரியாக இருக்குமோ?

கலவா மீன் போட்ட ரவைக் குஸ்குஸ் வந்தது. ஒரு வாய் மென்றவள், பரிமாறியவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரவையை ரெண்டு தடவைதான் ஆவியில வச்சிருக்காங்க. மூணு தடவை வைக்கணும்."

அவன் வந்து சொன்னதும் நவ்ஃபல் அடுப்படிக்கு ஓடினான். சமையல்காரர் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்குக் கூட்டம் அதிகம், ஒரு தடவை குறைத்தது உண்மைதான்.

ஆக, பத்திரிகைக்காரியேதான். நாளைக்கு நாலு வரி எழுதினால் கடை கவிழ்ந்தது.

ஓடி வந்து, இனிப்புக்கு முன் பைன் கொட்டை போட்ட தேநீர் தரட்டுமா என்று குழைந்தான். அவள் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தாள்.

கழிப்பறை எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். இவள் கேட்கவில்லை.

கூடத்தைத் தாண்டி நடைக்கு வந்தவள், வலப்பக்கம் போகவேண்டியதற்கு இடப்பக்கம் திரும்பினாள். அங்கே சுவரோடு சுவராக மரப்பலகையில் ஒரு கதவு உண்டு. வேலை செய்கிறவர்களைத் தவிர அதைக் கதவென்று யாருக்கும் தெரியாது. அவள் சரியான இடத்தில் கைவைத்துத் தள்ளி, கீழே இறங்கிப் போனாள்.

நவ்ஃபல் சத்தமில்லாமல் பின்னால் போனான்.

கீழே சரக்கறை. படிக்கட்டின் சரிவுக்கு அடியில், காலிப் பெட்டிகள் அடுக்கிய மூலையில், அவள் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையைச் சுவரில் பதித்திருந்தாள். நீள அகலம் அளக்கிறவள்போல் இருந்தது.

இது பத்திரிகைக்காரி இல்லை.

அந்த மாளிகையை முதலாளி தவ்ஃபீக் வாங்கியது பழைய குடும்பத்தின் மூத்த மகனிடம். பாரிசுக்குப் போய்விட்ட மற்ற வாரிசுகள் தங்களுக்கும் பங்குண்டு என்று இரண்டு வருடமாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர்களில் யாராவது சொல்லாமல் வந்து நிற்பார்கள் என்று முதலாளி அடிக்கடி சொல்வார். அப்படி வந்து வழக்குப் போட்டு, முதலாளி தோற்றுப்போனால் நவ்ஃபலும் இன்னும் முப்பது பேரும் தெருவில்தான்.

நடைக்கு வந்து முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"யாருய்யா அது?"

"தெரியல முதலாளி. ஆனா வீட்டோட மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. கீழ போய் சுவத்தைத் தொட்டுப் பாக்குறாங்க."

"அந்தக் குடும்பத்து ஆளேதான். நைசா வாயைக் கிளறிட்டு வெளிய அனுப்பு. நான் வந்துட்டே இருக்கேன்."

அவன் கூடத்துக்குத் திரும்பியபோது அவளும் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். ரொட்டித் துணுக்குகளை விரிப்பிலிருந்து ஒன்றுவிடாமல் தன் உள்ளங்கையில் திரட்டிக்கொண்டிருந்தாள்.

நவ்ஃபல் நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றான். சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"மேடம் இந்த வீட்டுல இருந்தவங்களோ?"

அவள் திடுக்கிடவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா தம்பி? பதினோரு வருஷம் இருந்தேன். எட்டு வயசுல வந்தது."

சரிதான். வாரிசேதான்.

"அப்ப இந்தக் கூடம் ரொம்பப் பழக்கமா இருக்கும். சின்ன வயசுல எத்தனை விருந்து பாத்திருப்பீங்க!"

அவள் சரவிளக்கை அண்ணாந்து பார்த்தாள். சுற்றிலும் மற்ற மேசைகளில் கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தம்.

"இன்னிக்கு எனக்கு அறுபது முடியுது. என்ன வேணும்னு பிள்ளைங்க கேட்டுதுங்க. அங்க போய் ஒரு வேளை சாப்பிடணும், நான் மட்டும் போறேன்னு சொன்னேன்."

திரட்டிய துணுக்குகளை எங்கே போடுவது என்று தெரியாமல் அவள் கையை மூடிக்கொண்டாள்.

"இந்தக் கூடம் பழக்கமில்ல தம்பி. வேலைக்காரிக்குப் படுக்கை கீழ, படிக்கட்டுக்கு அடியில. அடுப்படியில இருந்து தட்டை எடுத்துட்டு வந்து, அந்தக் கதவு நிலையில நின்னு நீட்டுவேன். வாங்கிக்குவாங்க. நிலையைத் தாண்டினா அடி."

நவ்ஃபல் குனிந்து தன் கையை நீட்டினான். அவள் தயங்கி, துணுக்குகளை அதில் கொட்டினாள்.

அவன் சட்டைப்பையில் தொலைபேசி துடித்தது.

"என்னய்யா ஆச்சு, வெளிய அனுப்பிட்டியா?"

"இல்ல முதலாளி," என்றான் நவ்ஃபல். "இப்பதான் உள்ள வந்திருக்காங்க."